உழைச்செல்வானின் கண்: செவிலியச் செயல்முறை வந்த வழி

மருத்துவமனையில் ஊசி போடுகிறவரை நாம் நேரில் 'சிஸ்டர்' என்று அழைக்கிறோம். பிறரிடம் பேசுகையில் 'நர்ஸ்' என்கிறோம். எழுத உட்கார்ந்தால் 'செவிலியர்' என்று எழுதுகிறோம். இம்மூன்றில் எழுத்துக்குரிய சொல் மிகப் பழையது. சங்க அகப்பாடல்களில் தலைவியை ஈன்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. தோழி என்பாள் இச்செவிலியின் மகள் என்பது தொல்காப்பியம் தரும் செய்தி. அகத்திணையிலிருந்து இச்சொல்லை எடுத்துவந்து மருத்துவமனைப் பணியாளருக்குச் சூட்டியவர்கள் நுட்பமானவர்கள் என்றே நாம் எண்ணுகிறோம். செவிலியின் முதல் தொழில் பார்த்தல். தலைவியின் மேனி மெலிவதையும், வளை நெகிழ்வதையும், நிறம் வேறுபடுவதையும் முதலிற் காண்பவள் அவளே.

கண்டதை என்ன செய்கிறாள் என்பதுதான் சிக்கல். 'முருகு அணங்கிற்று' என்று முடிவு கட்டி வேலனை அழைத்து வெறியாட்டு எடுப்பிக்கிறாள். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தோழி செவிலியை விளித்துப் பேசுவது முழுவதும் இந்தப் பிழையைத் திருத்துவதற்காகவே. அறிந்தோரை வினவியும் தெய்வங்களைப் பேணியும் செவிலி செய்தவற்றால் நோய் தணியவில்லை. நோயின் பெயர் வேறு என்று தோழி அறத்தொடு நிற்கிறாள். செவிலி கண்டது சரி, கருதியதே தவறு. கருதியது சரியா என்று நோயுற்றவளிடமே கேட்டுப் பார்க்கும் ஒரு படி இடையில் விடுபட்டுப் போயிற்று. இருபதாம் நூற்றாண்டில், இப்பாடல்களை அறிந்திராத அமெரிக்கப் பெண் ஒருவர் இதே விடுபட்ட படியைக் கண்டெடுத்து அதன்மேல் ஒரு கோட்பாட்டையே எழுப்பினார். அவரிடம் பின்னர் வருவோம்.

'செவிலியச் செயல்முறை' என்று இன்று செவிலியர் கல்லூரிகளில் கற்பிக்கப்படுவது ஐந்து படிகளைக் கொண்டது. அஸெஸ்மென்ட், டயக்னாசிஸ், பிளானிங், இம்ப்ளிமென்டேஷன், இவால்யுவேஷன் என்று மாணவியர் ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். தமிழில் நிலையறிதல், சிக்கலைப் பெயரிடுதல், திட்டமிடல், செய்தல், விளைவைச் சீர்தூக்கல் எனலாம். ஒப்பிக்கக் கேட்டால் வெகு சாதாரணமாக, எந்த அலுவலகத்துக்கும் பொருந்துவதாகத் தோன்றும். ஆனால் இப்படிகள் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் கேட்டுப் பெற்றவை. நோயாளியின் அருகில் இருப்பவர் தாம் கண்டதற்குத் தாமே பெயரிடலாமா, அன்றி மருத்துவர் சொன்னதைச் செய்துவிட்டு வாய்பொத்தி நிற்க வேண்டுமா என்ற வழக்கே இதன் வரலாறு.

அவ்வழக்கின் வித்து நம் உரைமரபிலும் இருக்கிறது. மருத்துவம் பற்றிப் பேச்செழுந்தால் எல்லாரும் திருக்குறளின் 948ஆம் குறளைத்தான் நாடுவர். நமக்கு அதே 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறளே இங்கு வேண்டியது. மருத்துவம் என்பது நான்கு கூறுகளை உடையது என்கிறார் வள்ளுவர்: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, நான்காவதாக உழைச்செல்வான். 'உழை' என்றால் பக்கம். பக்கத்தில் இருந்து இயற்றுகிறவன். வடமொழிச் சரக சங்கிதையிலும் இந்நாற்பகுப்பு உண்டு. நம் மருத்துவமனைகளில் நோயாளியோடு தங்கும் உறவினரை 'அட்டெண்டர்' என்கிறார்களே, சொல்லளவில் அது உழைச்செல்வானின் நேர் மொழிபெயர்ப்பு என்பது ஒரு வேடிக்கை. பரிமேலழகர் இக்குறளுக்கு உரை வகுக்கையில் நான்கு கூறுகளுக்கும் நந்நான்கு இயல்புகள் கூறுகிறார். உழைச்செல்வானுக்கு அவர் வேண்டுவன: நோயாளியிடம் அன்பு, மனமொழிமெய்களின் தூய்மை, சொல்லியவற்றைச் சொல்லியவாறே செய்யும் வன்மை, அறிவு. மூன்றாவதையும் நான்காவதையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். சொல்லியவாறே செய்பவனுக்கு அறிவு எதற்கு? அறிவுடையவன் எப்போதும் சொல்லியவாறே செய்வானா? பரிமேலழகருக்கு இதில் முரண் தெரிந்திருக்க நியாயமில்லை. பிற்காலச் செவிலியர் அதைத் தம் தொழில்வாழ்வில் நாள்தோறும் கண்டார்கள்.

ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலைப் பற்றி நாம் பள்ளிப் பாடத்தில் படித்ததெல்லாம் விளக்கேந்திய மாது என்ற படம்தான். 1854 நவம்பரில் 38 பெண்களோடு ஸ்கூட்டாரி படைமருத்துவமனைக்கு அவர் சென்றது உண்மை. ஆயின் அங்கே இறப்பு விகிதம் உறுதியாகச் சரிந்தது 1855 மார்ச்சில் வந்த சுகாதாரக் குழு சாக்கடைகளையும் காற்றோட்டத்தையும் சீர்செய்த பின்னர்தான். அதைப் புள்ளிவிவரங்களால் உலகுக்குக் காட்டியவரும் அவரே. விளக்கைவிட அவர் கையிலிருந்த கணக்கேடு முக்கியமானது என்பது நம் துணிபு.

நம் பொருளுக்கு உரியது 1859இல் அவர் எழுதிய 'செவிலியக் குறிப்புகள்' என்னும் சிறு நூல். செவிலியர்க்கான பாடநூலாக அவர் இதை எழுதவில்லை. வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் எல்லாப் பெண்களுக்காகவும் எழுதினார். அதில் நோயாளியை நோக்குதல் பற்றிய இயலைத் தமிழ் வாசகர்கள் தேடிப் படிக்கலாம். 'இரவு நன்றாகத் தூங்கினாரா' என்று கேட்பது பயனற்ற கேள்வி என்கிறார். ஒருவர் பத்து மணிநேரம் விழிக்காமல் தூங்காவிட்டால் தூக்கமே இல்லை என்பார். இன்னொருவர் விட்டுவிட்டுக் கண்ணயர்ந்ததையே நல்ல தூக்கம் என்பார். ஆகவே எத்தனை மணிநேரம், எந்தெந்த நேரத்தில் என்று கேட்கச் சொல்கிறார். பிறகு உணவு. நோயாளி உண்ணவில்லை என்றால் 'பசியில்லை' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம். அவரோ அதற்கு நான்கு காரணங்கள் இருக்கலாம் என்று பிரிக்கிறார். சமைத்த முறை தவறாக இருக்கலாம். தேர்ந்த உணவு பொருந்தாததாக இருக்கலாம். கொடுத்த வேளை சரியில்லாமல் இருக்கலாம். நான்காவதாகத்தான் உண்மையிலேயே பசியின்மை. விளைவு நான்கிலும் ஒன்றே, நோயாளி மெல்ல மெல்லப் பட்டினியால் மடிவார். தீர்வு மட்டும் நான்கிலும் வேறு.

இந்தப் பகுப்பைச் செய்வதற்கு மருத்துவர் தேவையில்லை. மருத்துவரால் செய்யவும் முடியாது, அவர் உணவு வேளையில் அங்கே இருப்பதில்லை. பின்னாளில் 'செவிலியக் கணிப்பு' என்று பெயர் பெறப்போவது, அப்பெயர் தோன்றுவதற்கு ஏறத்தாழ நூறாண்டு முன்னரே இங்கே முழு உருவில் இருக்கிறது. படுக்கைப்புண் வந்தால் அது பெரும்பாலும் நோயின் குற்றமன்று, பார்த்துக்கொள்ளும் முறையின் குற்றம் என்ற அவரது முடிவும் இவ்வகையினதே. செவிலி என்பவள் அர்ப்பணிப்பும் கீழ்ப்படிதலும் உடையவளாக இருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்லும் இலக்கணத்தையும் அந்நூல் எள்ளுகிறது. அந்த இலக்கணம் சுமைதூக்குகிறவனுக்கும் பொருந்தும், ஏன், குதிரைக்கும்கூடப் பொருந்தும் என்கிறார் அம்மையார்.

1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் பயிற்சிப் பள்ளி திறந்தது. அதன் வழிவந்த பள்ளிகள் உலகெங்கும் பரவின. பரவியபோது குதிரை பற்றிய வாக்கியம் எங்கோ நழுவிவிட்டது போலும். பள்ளிகள் மருத்துவமனைகளுக்கு உட்பட்டிருந்தன. மாணவியரே பணியாளர்களாகவும் இருந்தனர். ஒழுங்கும் கீழ்ப்படிதலும் முதற்பாடங்களாயின.

வார்டில் வேலை பிரிக்கப்பட்ட முறை இதற்கேற்பவே அமைந்தது. ஒரு செவிலி எல்லாப் படுக்கைகளுக்கும் சென்று காய்ச்சல் பார்ப்பார். அடுத்தவர் எல்லாருக்கும் மலச்சட்டி வைத்து எடுப்பார். மூத்தவர் எல்லாருக்கும் கட்டு மாற்றுவார். இன்னொருவர் மருந்துத் தள்ளுவண்டியோடு செல்வார். வேலைகளுக்குப் பட்டியல் உண்டு, நோயாளிக்கு இல்லை. பத்துச் செவிலியர் ஒருவரைத் தொட்டிருப்பர். அவரை முழுமையாக அறிந்தவர் ஒருவரும் இரார்.

இம்முறையின் உள்ளடுக்கை வெளிப்படுத்தியவர் இசபெல் மென்சீஸ் என்னும் உளப்பகுப்பாய்வாளர். லண்டனில் ஒரு பெரிய போதனா மருத்துவமனை தன் பயிற்சிச் செவிலியரைப் பணியில் அமர்த்துவதில் உள்ள சிக்கலை ஆராயுமாறு டாவிஸ்டாக் நிறுவனத்தாரை அழைத்தது. 1960இல் வெளியான அவருடைய ஆய்வு, செவிலியர் நோயாளிகளைப் பெயரால் சுட்டாமல் படுக்கை எண்ணாலும் உறுப்பாலும் சுட்டியதைப் பதிவுசெய்தது. பத்தாம் படுக்கையில் ஒரு மனிதர் இல்லை, ஒரு கல்லீரல் இருந்தது. இது கொடுமை மனத்தால் விளைந்ததன்று என்பதே மென்சீஸின் கண்டுபிடிப்பு. சாவையும் சீழையும் அழுகையையும் நாளெல்லாம் எதிர்கொள்ளும் இளம்பெண்களின் அச்சத்தைத் தணிக்க அந்த அமைப்பே தன்னையறியாமல் கட்டிக்கொண்ட அரண் அது. ஒரு மனிதரோடு நெருங்காதபடி வேலையைத் துண்டு துண்டாக்கிவிட்டால் துயரமும் துண்டாகிவிடும் என்ற கணக்கு. கணக்கு பொய்த்தது. பயிற்சிக்கு வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் முடிக்காமலே சென்றனர். அவர்களுள் சிறந்தவர்கள் பலர் இருந்தனர் என்பதை மென்சீஸ் குறிப்பாகச் சுட்டினார்.

இதே காலத்தில் அமெரிக்காவில் வேறொரு திசையிலிருந்து காற்று வீசத் தொடங்கியிருந்தது. 1953இல் வேரா ஃப்ரை என்பவர் செவிலியரும் கணிப்புச் செய்ய வேண்டும் என்று ஒரு கட்டுரையில் எழுதினார். 'டயக்னாசிஸ்' என்ற சொல்லை அவர் செவிலியத்தோடு சேர்த்தது அன்று துணிச்சலான செயல். இரண்டே ஆண்டில், 1955இல், அமெரிக்கச் செவிலியர் சங்கம் வகுத்த முன்மாதிரி வரையறை, நோய்க்கணிப்பும் சிகிச்சை விதித்தலும் செவிலியத்துள் அடங்கா என்று வெளிப்படையாகவே விலக்கிற்று. விலக்கியது மருத்துவர் சங்கமன்று, செவிலியரின் சொந்தச் சங்கம் என்பதை ஈண்டு நோக்குக.

அதே 1955இல் லிடியா ஹால் என்னும் செவிலியர் ஓர் உரையில், செவிலியம் என்பது ஒரு செயல்முறை என்றார். நிகழ்வுகளின் குவியலாகக் கருதப்பட்ட ஒன்றைத் தொடக்கமும் போக்கும் உடையதாக அவர் கண்டார். அதை விளக்க அவர் எடுத்துக்கொண்டவை நான்கு முன்னிடைச் சொற்கள். தமிழாசிரியர்களாகிய நமக்கு இது வேற்றுமை இயல் நடத்துவது போலிருக்கிறது. நோயாளியின் மேல் செய்தல், நோயாளிக்குச் செய்தல், நோயாளியின் பொருட்டுச் செய்தல், நோயாளியோடு செய்தல். நான்காவதான உடனிகழ்ச்சிப் பொருளே அவர் வேண்டியது. வெறும் உரையோடு நிற்காமல் 1963இல் நியூயார்க்கின் மான்டிஃபியோர் மருத்துவமனையில் லோப் மையம் என்ற பிரிவைத் திறந்து, உடல்தேறும் நிலையிலுள்ளோரின் கவனிப்பைச் செவிலியர் தலைமையில் நடத்திக் காட்டினார். மருத்துவர் அங்கே துணைவர்.

நாம் முன்னர்ச் சொன்ன அமெரிக்கப் பெண் ஐடா ஜீன் ஒர்லாண்டோ. யேல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தவர். 1961இல் அவர் நூல் வெளியாயிற்று. அவர் வழி எளியது. செவிலியரும் நோயாளியும் உறவாடும் ஏராளமான தருணங்களை நேரில் இருந்து பார்த்துக் குறிப்பெடுத்தார். எவை நல்ல கவனிப்பு, எவை அல்ல என்று பிரித்தார். பிறகு இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று தேடினார். அவர் கண்டதை நம் சொற்களில் இப்படிக் காட்டலாம். ஒரு முதியவர் மாத்திரையை நீட்டியதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அது நடத்தை. 'பிடிவாதக்காரர்' என்று செவிலியர் மனத்தில் தோன்றுகிறது. சற்று எரிச்சலும் வருகிறது. அது எதிர்வினை. மருத்துவர் எழுதியிருக்கிறார், எட்டுமணி ஆகிவிட்டது என்று மாத்திரையை வாயில் திணிப்பது ஒரு செயல். அல்லது, 'முகத்தைத் திருப்பிக்கொண்டீர்களே ஐயா, இந்த மாத்திரையால் ஏதாவது தொந்தரவு இருக்கிறதா?' என்று கேட்பது வேறொரு செயல். கேட்டால்தான் தெரியும், நேற்று அது தொண்டையில் சிக்கிப் புரையேறிற்று என்று. முதல் செயலைத் தன்னியக்கம் என்றும் இரண்டாவதைத் தேர்ந்து செய்தல் என்றும் ஒர்லாண்டோ பிரித்தார். தான் கருதியதை நோயாளியிடமே வைத்துச் சரிபார்ப்பதுதான் இரண்டின் எல்லைக்கோடு. வெறியாட்டு எடுத்த செவிலிக்கு விடுபட்ட படி இதுவே.

இவையெல்லாம் சிதறிக் கிடந்தன. திரட்டிப் பாடமாக்கியவர்கள் ஹெலன் யூரா, மேரி வால்ஷ் இருவரும். அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தினர். 1967இல் அவர்கள் வெளியிட்ட நூலில் படிகள் நான்கே: நிலையறிதல், திட்டமிடல், செய்தல், சீர்தூக்கல். பெயரிடும் படி இல்லை. அது நிலையறிதலின் வாலாக ஒட்டிக்கொண்டிருந்தது. பெயரை வெளியே சொல்ல இன்னும் தயக்கம்.

படிகள் எப்படி இயங்குகின்றன என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கிவிட்டு வரலாற்றைத் தொடர்வோம். பக்கவாதத்தால் வலப்பக்கம் தளர்ந்த எழுபது வயது மூதாட்டி; படுத்த படுக்கை. மருத்துவர் மூளை ஸ்கேன் பார்த்து நோயைப் பெயரிட்டுவிட்டார். செவிலியர் காணவேண்டியவை வேறு. தாமே புரள முடிகிறதா, சிறுநீர் தெரிந்து கழிகிறதா, விழுங்குகையில் இருமல் வருகிறதா, எவ்வளவு உண்கிறார், பின்னிடுப்பும் குதிகாலும் எப்படி இருக்கின்றன. அழுத்தம் பட்ட இடத்தில் தோல் சிவந்து, விரலால் அழுத்தி எடுத்தும் வெளுக்காவிட்டால் அது புண்ணின் முதற்கட்டம். நம்மவர் நிறத்தில் இச்சிவப்பு கண்ணுக்கு எளிதில் புலப்படாது. சுற்றியுள்ள தோலைவிடச் சூடாக இருக்கிறதா, இறுகியோ தொளதொளத்தோ இருக்கிறதா என்று கையால் தொட்டறிய வேண்டும். வெள்ளைத் தோலை மனத்தில் வைத்து எழுதிய பாடநூல்கள் இதை நெடுங்காலம் சொல்லாமல் விட்டன.

இப்படிப் பார்ப்பதை எண்ணாக்கும் கருவியை 1962இலேயே லண்டனில் டோரீன் நார்ட்டன் என்ற செவிலியர் தம் குழுவினருடன் முதியோர் வார்டுகளில் ஆய்ந்து அமைத்தார். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசையும் திறன், மலசலக் கட்டுப்பாடு என ஐந்து. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண். மொத்தம் 20க்கு 14 அல்லது அதற்குக் கீழே வந்தால் புண் வரும் ஆபத்து. பேராசிரியர் யாரும் வகுத்துக் கொடுக்காமல் படுக்கையருகே நின்றவர்களே அமைத்த அளவுகோல் இது.

அடுத்து, பெயர். 'அசையாமையாலும் ஈரத்தாலும் தோல் சிதையும் ஆபத்து' என்று செவிலியர் எழுதுகிறார். பக்கவாதம் என்று எழுதவில்லை. அது மருத்துவரின் சொல். திட்டம் அளந்தறியத் தக்கதாக இருக்க வேண்டும். 'தோல் நலமாக இருக்கும்' என்றால் போதாது. 'மூன்று நாளில் பின்னிடுப்புச் சிவப்பு மறையும். புதிய இடத்தில் தோன்றாது' என்பதே இலக்கு. பிறகு செய்தல்: இரண்டு மணிக்கொரு முறை பக்கம் மாற்றுதல், இழுக்காமல் தூக்கி நகர்த்துதல், நனைந்த துணியை உடனே மாற்றுதல், சிவந்த இடத்தைத் தேய்க்காதிருத்தல், உடனிருக்கும் மகளுக்கு இவற்றைக் கற்பித்தல். ஐந்தாவது, மூன்றாம் நாள் திரும்பப் பார்த்தல். சிவப்பு மறையவில்லையானால் ஏன்? பகலில் மாற்றினோம், இரவில் மகள் களைத்துத் தூங்கிவிட்டாள், இரவுச் செவிலியருக்கு நாற்பது படுக்கைகள். இந்த விடை கிடைத்ததும் திட்டம் மாறுகிறது. ஐந்தாம் படியிலிருந்து முதற்படிக்குத் திரும்புகிற இவ்வளைவு இல்லையேல் மற்ற நான்கும் வெறும் நடைமுறைப் பட்டியல்.

பெயரிடும் உரிமை சட்டத்தில் ஏறியது 1972இல். நியூயார்க் மாநிலத்தின் செவிலியர் சட்டம், உடல்நலச் சிக்கல்களுக்கு மனிதர் காட்டும் எதிர்விளைவுகளைக் கணித்துச் சிகிச்சை செய்வது செவிலியம் என்று வரையறுத்தது. 1955இல் விலக்கப்பட்ட அதே வினைச்சொல் பதினேழு ஆண்டுகளில் சட்ட வாசகமாயிற்று. 'எதிர்விளைவு' என்ற சொல்லில்தான் தீர்ப்பின் நுட்பம். நோய் மருத்துவருக்கு, அந்நோயோடு வாழும் மனிதருக்கு நேர்வன செவிலியருக்கு. மூட்டெலும்பு முறிந்தது ஒருவர் பங்கு; கழிப்பறைக்குப் பிறர் கைத்தாங்கலில் செல்லக் கூசி, நீர் அருந்துவதையே குறைத்துக்கொண்டது மற்றவர் பங்கு.

மறு ஆண்டு, 1973இல், இரண்டு நிகழ்வுகள். அமெரிக்கச் செவிலியர் சங்கம் வெளியிட்ட பணித்தரங்களில் கணிப்பு தனிப்படியாக இடம்பெற்றது. நான்கு படிகள் ஐந்தாயின. செயின்ட் லூயிஸ் நகரில் கிறிஸ்டின் கெப்பி, மேரி ஆன் லாவின் என்னும் இருவர் முன்னின்று, செவிலியக் கணிப்புகளுக்கு ஒரு சொற்பட்டியல் வகுக்க முதல் மாநாட்டைக் கூட்டினர். பிற்காலத்தில் 'நாண்டா' என்று உலகம் அறிந்த அமைப்பு அதிலிருந்து 1982இல் பிறந்தது. தொடக்கப் பட்டியலைக் கோட்பாட்டு முறையில் வகைப்படுத்த முடியாமல் அகர வரிசையிலேயே விட்டார்கள். அகராதி தொகுத்த அனுபவமுள்ளவர்கள் இதைக் குறைசொல்ல மாட்டார்கள். வகைதொகை பின்னர் வரும். முதலில் சொற்கள் வேண்டும்.

இங்கிலாந்தில் இம்முறை வந்தவிதம் வேறு. மென்சீஸ் காட்டிய நோய்க்கு மருந்தாக அது வரவேற்கப்பட்டது. வேலைவாரியாகப் பிரிப்பதை விட்டு நோயாளிவாரியாகப் பிரிக்க இது வழி என்று 1977இல் பொதுச் செவிலியர் மன்றம் பயிற்சித் திட்டத்தில் சேர்க்கப் பரிந்துரைத்தது. 1980இல் நான்சி ரோப்பர், வினிஃப்ரெட் லோகன், அலிசன் டியர்னி மூவரும் மூச்சுவிடுதல் முதல் சாதல் வரை பன்னிரண்டு வாழ்வியற் செயல்களை வகுத்து, நிலையறிதலில் எதைக் கேட்பது என்பதற்கு வழிகாட்டினர். ஆனால் பல வார்டுகளுக்கு இம்முறை மேலிருந்து வந்த ஆணையாக, ஒரு கட்டுப் படிவங்களாகத்தான் வந்து சேர்ந்தது. 1984இல் மிட்செல் என்னும் மருத்துவப் பேராசிரியர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதைக் கடுமையாகச் சாடினார். அவர் சாடலில் மருத்துவரின் ஆதிக்க வாடை வீசியது என்று செவிலியர் பலர் கருதினர். நமக்கும் அவ்வாறே படுகிறது.

அப்படித் தள்ளிவிட முடியாத ஒருவர் வர்ஜீனியா ஹெண்டர்சன். செவிலியத்தின் தனித்தன்மையை இருபதாம் நூற்றாண்டில் வரையறுத்தவர்களுள் முதல்வரிசையினர். வலிமையும் மனவுறுதியும் அறிவும் இருந்தால் ஒருவர் தமக்குத் தாமே செய்துகொள்ளக் கூடியவற்றை, அவை இல்லாதபோது உடன்நின்று செய்வதும், விரைவில் அவர் தாமே செய்யுமாறு ஆக்குவதும் செவிலியம் என்பது அவர் கருத்தின் சாரம். அவரே 1982இல், 'செவிலியச் செயல்முறை' என்ற பெயர் சரிதானா என்று கேட்டுக் கட்டுரை எழுதினார். சிக்கலை ஆய்ந்து தீர்க்கும் இவ்வழி எல்லா மருத்துவத் தொழிலர்க்கும் பொது. செவிலியருக்கு மட்டும் உரியதாகச் சொந்தம் கொண்டாடுவானேன்? இவ்வரிசைக்குள் அடங்காத உள்ளுணர்வும் அனுபவமும் கலைத்தன்மையும் எங்கே போயின? மற்றவரோடு சேர்ந்து செய்வதைவிடத் தனித்துச் செய்வதற்கு ஏன் இத்தனை அழுத்தம்? இரண்டாண்டு கழித்துப் பாட்ரிசியா பென்னர், தேர்ந்த செவிலியர் படிப்படியாகச் சிந்திப்பதில்லை, நிலைமையை முழுமையாக ஒரே பார்வையில் உணர்கிறார்கள் என்று நேர்காணல்களின் துணைகொண்டு எழுதினார். யாப்பு கற்கும் மாணவன் சீரை எண்ணுகிறான், கவிஞன் எண்ணுவதில்லை. ஆனால் மாணவன் எண்ணாமல் கவிஞனானதும் அரிது. பென்னரின் நூலை முறைக்கு எதிரானதாகப் படிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

நம் நாட்டில் 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் டெல்லியிலும் செவிலியப் பட்டப்படிப்பு தொடங்கிற்று. 1947இல் இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் வந்தது. செயல்முறை இன்று பாடத்திட்டத்தின் முதுகெலும்பு. செவிலியம் பயிலும் நம் உறவுக்காரப் பெண் ஒருத்தி, 'இம்பேர்டு ஸ்கின் இன்டெக்ரிட்டி' என்பதற்குத் தமிழ் என்ன என்று கேட்டபோதுதான் நாம் இத்துறைக்குள் தலையை நீட்டினோம். 'தோலின் முழுமை குலைவு' என்றோம். 'அதை ஆயாவிடம் சொன்னால் புரியுமா?' என்றாள். நியாயமான கேள்விதான், பட்டியல் வகுத்தவர்களைப் பார்த்தும் இதையே கேட்கலாம்.

அவளது கேர் பிளான் பதிவேட்டை வாங்கிப் பார்த்தோம். அழகிய கையெழுத்து, சிவப்பு மையில் கோடுகள், ஐந்து பத்திகள். அறுவைக்குக் காத்திருந்த எட்டுப் பேருக்கும் 'மருத்துவமனைச் சூழலால் பதற்றம்' என்ற ஒரே கணிப்பு. திட்டம், 'நோயாளிக்கு ஆறுதல் கூறுக'. கடைசிப் பத்தியில் எட்டு முறை, 'பதற்றம் குறைந்தது'. ஒரே ஒரு பக்கம் வேறுவிதமாக இருந்தது. அறுவைக்கு வந்த ஒரு விவசாயி இரவெல்லாம் விழித்திருந்தார் என்று எழுதி, பக்கத்தில் பென்சிலால் ஏதோ கிறுக்கியிருந்தாள். கேட்டோம். பதற்றமாக்கும் என்று நினைத்து ஆறுதல் சொல்லப் போனாளாம். 'கறவை மாட்டை யாரிடம் விட்டு வந்தீர்கள்?' என்று பேச்சுவாக்கில் கேட்டதும், அதுதான் அவரது கவலை என்று தெரிந்ததாம். வார்டு போனிலிருந்து அவர் மனைவியை அழைத்துக் கொடுத்திருக்கிறாள். அதன்பின் நான்கு மணிநேரம் தூங்கியிருக்கிறார், இரவு பதினொன்றரை முதல். மாடு பட்டியலில் இல்லாததால் பென்சிலில் எழுதினாளாம். மதிப்பெண் அந்தப் பக்கத்துக்குத்தான் குறைவு.